பெயரளவில் ஒரு நெருக்கம்

கேள்வி: நான் 38 வயதுப் பெண். கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் துறையில் எல்லோரும் வியந்து பேசும் கட்டடக் கலைஞர் ஒருவர் நடத்திய 2 நாள் பயிலரங்கில் ஆறு ஆண்டுகளுக்கு முன் கலந்துகொண்டேன். மதிய இடைவேளையில் அவரோடு 15 நிமிடம் தனியாகப் பேசினேன். ஒரு சந்தேகம் கேட்டேன். நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து விளக்கினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன்பின் அவரை நான் சந்திக்கவே இல்லை. ஆனால் அலுவலகக் கூட்டங்களில் அவரைக் குறிப்பிடும்போது, ‘சார்’ என்றோ முழுப்பெயராகவோ சொல்லாமல், அவருடைய நண்பர்கள் அழைப்பதுபோல் வெறும் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டேன். வேறு சில பிரபலங்களின் பெயர்களையும் அப்படியே சொல்கிறேன். சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளர் மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வேண்டும் என்று கேட்டபோது, அவர் பெயரைச் சொல்லி, “அவரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்” என்றேன். “அப்படியா, அடுத்த வாரம் அவரைச் சந்திக்கிறேன், உங்களைப் பற்றிச் சொல்கிறேன்” என்றார் வாடிக்கையாளர். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. “யாரைப் பற்றிப் பேசினாலும் நம் வீட்டு ஆள் மாதிரியே பேசுகிறாய் அக்கா” என்று என் தம்பி முன்பே சொல்லியிருக்கிறான். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, அவர் பெயர் அதுதானே என்று சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. இது ஏதாவது மனநோயா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் அல்ல. பெரிய மனிதர்களின் பெயரை உரிமையோடு சொல்லி அவர்களுடைய வெளிச்சத்தில் சிறிது நேரம் நிற்க விரும்புவது மனிதர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பழக்கம். நடக்காத சந்திப்புகளை நடந்தவையாக விரித்துச் சொல்வது, ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்ததைத் தேடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது என்ற நிலை வந்தால் தாமதிக்காமல் ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள். இப்போது நீங்கள் அந்த இடத்தில் இல்லை. ஆனால் சென்ற வாரம் நீங்கள் சொன்ன வாக்கியம் அந்தத் திசையில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் கடிதத்தில் “அவர் பெயர் அதுதானே” என்ற இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். நீங்கள் சொல்வது ஒரு வகையில் சரி. பெயர் உண்மை, பயிலரங்கு உண்மை, 15 நிமிடப் பேச்சும் உண்மை. பொய்யாக இருப்பது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள தூரம் மட்டுமே. வெறும் பெயர் என்பது வெறும் அடையாளமாக நின்றுவிடுவதில்லை. “இப்படி அழைக்க அவர் என்னை அனுமதித்திருக்கிறார்” என்ற செய்தியையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் கேட்பவரிடம் போகிறது. ரோஜர் பிரவுன், மார்கரிட் ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க ஆங்கிலத்தில் மக்கள் ஒருவரையொருவர் விளிக்கும் முறைகளை ஆராய்ந்து 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சமமற்ற இருவருக்கிடையில் மரியாதை அடைமொழியை விட்டுவிட்டுப் பெயர் சொல்லி அழைக்கும் நிலைக்கு மாறுவதை, வழக்கமாக உயர்ந்த நிலையில் இருப்பவரே தொடங்கிவைக்கிறார் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. அதாவது அந்தக் கதவு உள்ளிருந்துதான் திறக்கப்படும். அதனால்தான், ஒருவர் ஒரு பெரியவரை வெறும் பெயரால் குறிப்பிடும்போது, கதவு எப்போதோ திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்பவர் தானாகவே எடுத்துக்கொள்கிறார். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆகவே யாரும் பொய் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஒரு தவறான எண்ணம் அங்கே உருவாகிவிடுகிறது.

தமிழில் பேசும் நமக்கு இது இன்னும் நுட்பமாகவே பிடிபடும். பெயருக்குப் பின்னால் எதைச் சேர்க்கிறோம், எதைச் சேர்க்காமல் விடுகிறோம், வினையை ‘சொன்னார்’ என்று முடிக்கிறோமா ‘சொன்னான்’ என்று முடிக்கிறோமா, ‘அவரைத் தெரியும்’ என்கிறோமா ‘நமக்கு வேண்டியவர்’ என்கிறோமா என்பதிலெல்லாம் உறவின் அளவு அடங்கியிருக்கிறது. உங்கள் தம்பி ‘நம் வீட்டு ஆள் மாதிரி’ என்று சொன்னது இந்த அளவு பிசகியதைத்தான். அவர் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னது உங்கள்மேல் உள்ள அன்பினால். வெளியாட்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கேட்டுக்கொண்டு, மனத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்து, பேச்சை மாற்றிவிடுவார்கள்.

உங்களுக்கு நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவருடைய பேச்சுகளை ஆண்டுக்கணக்கில் கேட்டு, அவர் படைப்புகளை அங்குலம் அங்குலமாகப் படித்து, அவர் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார் என்று ஊகிக்கும் அளவுக்குப் பழகிவிட்டால், அவர் உண்மையிலேயே நெருங்கியவராகத் தோன்றத் தொடங்குவார். டொனால்டு ஹார்டன், ரிச்சர்டு வோல் ஆகிய இருவரும் 1956-லேயே, வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் வழியாகப் பார்வையாளருக்கு ஏற்படும் இந்த ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். பார்ப்பவருக்கு அவரைத் தெரியும். அவருக்கோ பார்ப்பவர் இருப்பதே தெரியாது. இந்த நெருக்கம் போலியானதல்ல, உணர்வில் அது மெய்யானது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது. ஆகவே நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஏமாற்றும் எண்ணத்தோடுதான் சொன்னீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில், நண்பர்களுக்கு நடுவில், அவருடைய கட்டடத்தைப் பற்றிச் சிலாகித்துப் பேசும்போது வெறும் பெயரைச் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. புகழ்பெற்றவர்கள் எல்லோரையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவரை நேரில் அறிந்தவர் நீங்கள் என்று கேட்பவர் நம்பக்கூடிய இடத்தில், அந்த நம்பிக்கையால் உங்களுக்கு ஏதோ ஒரு பயன் கிடைக்கக்கூடிய நேரத்தில் சொல்லும்போதுதான் அது வேறொன்றாகிவிடுகிறது.

எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்கு உதவக்கூடும். பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஒன்று வென்றால், அடுத்த திங்கட்கிழமை அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் பொறித்த உடைகளை அணிந்து வரும் மாணவர்களின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை அவர்கள் ஏழு பல்கலைக்கழகங்களில் கவனித்தார்கள். இது எதிர்பார்க்கக்கூடியதுதான். எனக்கு நெருக்கமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரு சிறு தேர்வு வைத்து, அவர்கள் பதில் சொன்ன லட்சணம் எப்படியிருந்தாலும், சிலரிடம் ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்றும் சிலரிடம் ‘மோசமாகச் செய்தீர்கள்’ என்றும் சொன்னார்கள். பிறகு அணியின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். அணி வென்ற ஆட்டத்தை ‘நாங்கள் வென்றோம்’ என்றும், தோற்ற ஆட்டத்தை ‘அவர்கள் தோற்றார்கள்’ என்றும் சொல்லும் போக்கு, மோசமாகச் செய்ததாகச் சொல்லப்பட்டவர்களிடம் தூக்கலாக இருந்தது. சற்று முன்னால் அடிபட்ட மனம்தான் இன்னொருவரின் வெற்றியை இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது.

இதை எனக்கு ஆய்வுகள் சொல்வதற்கு முன்பே வாழ்க்கை சொல்லிவிட்டது. பயிற்சிக் காலத்தில், எங்கள் துறையில் பெரிதும் மதிக்கப்பட்ட பேராசிரியர் ஒருவருடைய வகுப்பில் ஒரு பருவம் உட்கார்ந்திருந்தேன். பின்பு சிகிச்சை பற்றிய கலந்துரையாடல்களில் அவரை வெறும் பெயரால் குறிப்பிட்டுப் பேசுவேன். ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போனபின் மூத்த ஆலோசகர் ஒருவர் என்னிடம், “நேரில் பார்க்கும்போது அவரை எப்படி அழைப்பீர்கள்?” என்று கேட்டார். “பேராசிரியர் என்றுதான்” என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு யோசித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. என் முன்னால் இருந்த நோயாளியின் சிக்கல் எனக்குப் புரிந்திருந்த நாள்களில் நான் பேராசிரியரின் பெயரைத் தொட்டதே இல்லை. புரியாத நாள்களில்தான், அதுவும் யாராவது என்னை மறுத்துப் பேசக்கூடும் என்று தோன்றிய உடனேதான், அந்தப் பெயர் என் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடந்த சில மாதங்களில் எந்தெந்தக் கூட்டங்களில் அந்தப் பெயர்களைச் சொன்னீர்கள் என்று நினைவில் வரும்வரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். உங்கள் வரைபடத்தை யாரோ சரியாகப் பார்க்காமலே ஒதுக்கியிருக்கலாம். நீங்கள் பாதி சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருவர் இடைமறித்து முடித்திருக்கலாம். உங்களைவிட இளையவர் ஒருவரைப் பாராட்டியிருக்கலாம். சென்ற வார நிகழ்வையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சன்னல் வேண்டும் என்றார். நீங்கள் வேண்டாம் என்று நினைத்தீர்கள். மேற்கு வெயில் பிற்பகலில் தாழ்வாக, ஏறக்குறைய நேர்கிடையாக உள்ளே பாய்வதால் சன்னலுக்கு மேலே நீட்டப்படும் மறைப்பு அதைத் தடுக்காது, அறை சூடேறும், கண் கூசும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இவற்றைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. 11 ஆண்டு அனுபவமுள்ள நீங்கள், உங்கள் கையில் இருந்த காரணத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னொருவரின் பெயரைத் தூக்கிக் காட்டினீர்கள். இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மற்றவர்கள் ஏமாறுகிறார்களோ இல்லையோ, பேசுபவருடைய சொந்த அறிவு பேச்சிலிருந்து வெளியேறிவிடுகிறது.

அந்தப் பெயர் உங்கள் மதிப்பை உயர்த்தியிருக்குமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே பதில். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரின் பெயரைப் பயன்படுத்தி நடத்திய ஓர் ஆய்வை 2009-இல் வெளியிட்டார்கள். முன்பின் அறியாத ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது ஃபெடரரோடு தனக்கு எவ்வளவு நெருக்கம் இருப்பதாகக் காட்டினாரோ, அந்த அளவுக்கு அவர்மீது பிறருக்குப் பிடித்தம் குறைந்தது. அவரைத் திறமையானவர் என்று நினைப்பதும் குறைந்தது. தம்மை வளைக்கப் பார்க்கிறார் என்ற உணர்வு கேட்பவர்களுக்கு எழுந்ததே அதற்குக் காரணமாக அமைந்தது. முதல் சந்திப்பில் எழும் எண்ணங்களைப் பற்றிய ஆய்வு அது. ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாடிக்கையாளர் என்பவர் பெரும்பாலும் முதல் சில சந்திப்புகளிலேயே உங்களை எடைபோடுபவர்தான்.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். வெறும் பெயரைச் சொன்னது ஒன்று; “அவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்” என்றது வேறொன்று. முதலாவது உங்கள் பழக்கம், காலப்போக்கில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, அந்தக் கலைஞர் சொல்லாத ஒரு தொழில்முறைக் கருத்தை அவர் வாயில் வைத்தது. ஒரு வாடிக்கையாளர் அதை நம்பித் தன் வீட்டைப் பற்றி முடிவெடுக்கக்கூடும். அதனால் இதைத் திருத்தாமல் விடக்கூடாது, அவர் அந்தக் கலைஞரைச் சந்திப்பதற்கு முன்பே திருத்த வேண்டும். ‘மறந்திருப்பார்’ என்றோ ‘அந்தச் சந்திப்பு நடக்காமல் போகலாம்’ என்றோ காத்திருந்தால் உங்கள் தூக்கம் இன்னும் பல நாள்களுக்குத் திரும்பாது. அதைவிட மோசம், சந்திப்பு நடந்து, அவர் உங்களை நினைவில்லை என்று சொல்லிவிட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் எந்த விளக்கமும் தப்பிக்கச் சொல்லும் விளக்கமாகவே கேட்கும்.

நாடகமாக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மின்னஞ்சலைவிடத் தொலைபேசி நல்லது. உங்கள் குரலில் இருக்கும் நிதானம் எழுத்தில் வராது. ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: “சென்ற வாரம் நான் அவரைப் பற்றிப் பேசியது, எனக்கு அவரோடு நல்ல பழக்கம் இருப்பதுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கும். உண்மையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பயிலரங்கில் ஒருமுறை பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். அவருக்கு என்னை நினைவிருக்க வாய்ப்பில்லை. சன்னலைப் பற்றி அவரிடம் நான் கேட்டதும் இல்லை. அது என்னுடைய கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்று படத்தோடு எழுதி அனுப்புகிறேன்.” இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வெறுமனே பின்வாங்கினால் உங்கள் ஆலோசனையையும் சேர்த்து வாபஸ் பெற்றதாக அவர் நினைத்துக்கொள்வார். பெயரை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், கருத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அவர் ஒரு கணம் மௌனமாகலாம். அந்தக் கணம் கடினமாக இருக்கும். சிலர் சிரித்து ஒதுக்கிவிடுவார்கள், ஒரு சிலர் உங்களைக் கொஞ்சம் குறைவாகவும் நினைக்கக்கூடும். அப்படி நடக்காது என்று உங்களுக்கு உறுதி கொடுக்க என்னால் முடியாது. உங்கள் மேலதிகாரியும் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அவரிடமும் இதே அளவில், இதே சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுங்கள், வாடிக்கையாளர் வழியாக அவர் காதுக்குப் போவது சரியல்ல. மற்ற கூட்டங்களில் சொன்னவற்றையெல்லாம் தேடிப் போய்த் திருத்த வேண்டியதில்லை. இனிமேல் பேச்சில் அந்தப் பெயர் வரும்போது முழுப்பெயரோடும், நீங்கள் நேரில் அழைக்கும் மரியாதையோடும் சொல்லத் தொடங்கினாலே தூரம் தானாகச் சரியாகிவிடும். யாராவது “அவரை நன்றாகத் தெரியுமா?” என்று கேட்டால், “ஒருமுறை பேசியிருக்கிறேன்” என்பதோடு நிறுத்துங்கள். அந்தப் பதிலுக்குப் பின் எதையாவது சேர்க்க வேண்டும் என்ற உந்துதல் வரும். முதல் சில முறை அது மிக வலுவாக இருக்கும். வாய் மூடியிருக்கும் அந்த இரண்டு விநாடிதான் நீங்கள் பழக வேண்டியது.

இனி பெரியவர்கள் யாருடைய பெயரையும் சொல்லவே கூடாது என்று நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது. அதுவும் ஒருவகை நேர்மைக்குறைவு. ஒருவரிடமிருந்து கற்றதை அவர் பெயரைச் சொல்லாமல் தன் கருத்தாகச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சம்மதத்தோடு அவர் பெயரைக் குறிப்பிட்டு இன்னொருவரை அணுகுவதும் முறையானதே. எது எது என்று சந்தேகம் வந்தால், நான் எனக்கே வைத்துக்கொண்டிருக்கும் வழி இது: வாக்கியத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பேன். ‘இப்படி ஒரு தீர்வு இருக்கிறது, இன்னார் செய்து காட்டியிருக்கிறார்’ என்ற வாக்கியத்தில் பெயரை நீக்கினாலும் கேட்பவருக்குப் பயன்படும் ஒன்று மிஞ்சுகிறது. ‘நேற்றுகூட இன்னாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதில் பெயரை நீக்கினால் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

அந்த 15 நிமிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் அது இரண்டு வரிகளில் முடிந்துபோனது. ஒரு பெரிய கலைஞர் தன் இடைவேளையை விட்டுக்கொடுத்து, அறியாத ஓர் இளம் வடிவமைப்பாளரின் சந்தேகத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, கையில் கிடைத்த தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் வரைந்து காட்டியிருக்கிறார். உங்கள் கேள்வி அவரை நிற்கவைத்திருக்கிறது. இதை அலுவலகத்தில் யாரிடமாவது இப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறீர்களா? இல்லை என்றே ஊகிக்கிறேன். நெருங்கிய பழக்கம் என்ற பாவனையை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. ஒரே ஒருமுறைதான் பேசினீர்கள் என்பது வெளியே வந்துவிடும். இல்லாத நெருக்கத்தைக் காப்பதற்காக உண்மையில் நடந்த ஓர் அருமையான விஷயத்தை ஆறு ஆண்டுகளாக உள்ளே பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

வாடிக்கையாளரிடம் பேசி முடித்தபின், அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் முதலில் எந்தக் கோட்டைப் போட்டார், எங்கே அழித்துத் திருத்தினார் என்று நினைவில் உள்ளவரை எழுதிப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது அதே சந்தேகத்தோடு உங்கள் மேசைக்கு வரும்போது அந்தத் தாளை அவர் முன்னால் விரித்து வையுங்கள். இது யார் வரைந்தது என்று அவரே கேட்பார். அப்போது முழுப்பெயரையும் சொல்லலாம், ஒரே ஒருமுறை சந்தித்ததையும் சொல்லலாம்.

பேசியபின் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். தூக்கம் இன்னும் இரண்டு மூன்று வாரங்களில் சீராகவில்லை என்றால் மட்டும் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் அருகில் உள்ள மருத்துவரைப் பாருங்கள்.